ஹாவல் ஆறு உறையாவிட்டால்: மாற்று வரலாற்றுப் போர்க்கதை எழுதும் விதம்

மாற்று வரலாற்றில், அதாவது நடந்தது வேறு மாதிரி நடந்திருந்தால் என்று கற்பனை செய்கிற கதையில், ஒரு படையெடுப்பை எழுத ஆசைப்படுகிற யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: ஒன்றை மட்டும் மாற்றுங்கள், அதுவும் உங்கள் கால் அறிந்த ஒன்றாக இருக்கட்டும். அரசனைச் சாகடிப்பது சுலபம், ஆனால் அதற்குப் பிறகு கதை எந்தப் பக்கம் போனாலும் வாசிக்கிறவருக்கு நம்பிக்கை வராது.

928–929 பனிக்காலத்தை எடுங்கள். இன்றைய வட ஜெர்மனியில் இருந்த சக்சனியில் இருந்து ஆண்ட ஜெர்மன் அரசன் முதலாம் ஹென்றி, கிழக்கே ஹாவல் ஆற்றோரத்து ஸ்லாவியரான ஹெவெல்லி மக்கள் மீது படை கொண்டு போனான். அவர்களின் கோட்டை, இன்றைய பிராண்டன்பேர்க், ஆற்றுத் தீவில் இருந்தது. ஆறு உறைந்துவிட, படை பனிக்கட்டி மேலேயே பாளையம் போட்டது. பசி, இரும்பு, குளிர் மூன்றும் சேர்ந்து கோட்டையை விழுத்தின என்று விடுகிண்ட் என்ற துறவி எழுதியிருக்கிறார்.

சரி, அந்த வருடம் ஆறு உறையவில்லை என்று வையுங்கள். வேறு எதையும் தொடவேண்டாம்.

உறைந்த ஆற்றில் நடப்பது எப்படி என்று எமக்குத் தெரியாது, சேறு தெரியும். மாரியில் வல்லை வெளிப் பக்கம் இறங்கிப் பாருங்கள்: இரண்டாம் அடியிலேயே செருப்பு உள்ளே போய்விடும், காலை இழுத்தால் சேறு விடாமல் உறிஞ்சும், பத்து யார் தூரம் போவதற்குள் தொடை நோகும். அந்த இடத்தில் இரும்புச் சட்டை போட்ட ஆளையும் அவன் குதிரையையும் தானிய வண்டியையும் நிறுத்துங்கள், உப்புக் காற்றை எடுத்துவிட்டு நாணலை வையுங்கள். உங்கள் முற்றுகை அங்கேயே தோற்கத் தொடங்கும்.

அடுத்து, ஹென்றி ஏன் வந்தான் என்பதை வடிவாகப் படியுங்கள், ஏனெனில் அந்தக் காரணம் மாறவில்லை. 926இல், கிழக்கிலிருந்து குதிரைகளில் வந்து கொள்ளையடித்த மகியார்களுக்கு (ஹங்கேரியருக்கு) திறை கொடுக்க ஒத்துக்கொண்டு ஒன்பது வருட அமைதி வாங்கியிருந்தான், அந்த இடைவெளியில் கோட்டை கட்டினான், குதிரைப் படையைப் பழக்கினான். உண்மையில் அந்தப் படை 933இல் ரியாடே என்ற இடத்தில் மகியார்களை வென்றது. ஹாவலில் தோற்றுத் திரும்பிய படை அதே மாதிரி நிற்குமா? கதையின் நடுப்பகுதி முழுக்க இந்தக் கேள்விதான்.

இல்லாமல் போகிற ஆட்களையும் ஒரு தாளில் எழுதுங்கள். பிடிபட்டுக் கிடந்து, பிறகு சக்சனியர் பக்கம் சாய்ந்து கோட்டையைக் கொடுத்த ஹெவெல்லி இளவரசன் துகுமிர் இனி அப்படிச் செய்யமாட்டான். ஹென்றியின் மகன் ஒட்டோவுக்கும் சிறைப்பட்ட ஸ்லாவியப் பெண்ணொருத்திக்கும் பிறந்து, 954இல் ஜெர்மனியின் மைன்ஸ் நகரப் பேராயரான வில்லியம் பிறக்காமலே போகலாம்.

ஸ்லாவியரை ஒரே கூட்டமாக எழுதாதீர்கள். ஹெவெல்லி வேறு, ஒபொத்ரித் வேறு, ரெதாரி வேறு. ஹெவெல்லிப் பெண் திரகோமிராதான் பொகீமியாவை (இன்றைய செக் நாடு) ஆண்ட வென்சஸ்லாசுக்குத் தாய், ஆகவே எதிரிக்கும் சொந்தபந்தம் உண்டு. அவர்கள் எழுதிய ஏடு ஒன்றும் எமக்குக் கிடைக்கவில்லை, வென்றவர்கள் எழுதியதுதான் இருக்கிறது. 1619இல் எங்கள் அரசு விழுந்ததையும் பெரும்பாலும் போர்த்துக்கீசர் எழுத்தில் படிக்கிற எமக்கு அந்த இடைவெளியில் என்ன விடுபட்டிருக்கும் என்று ஊகிக்க முடியும். அங்கேதான் உங்கள் கற்பனைக்கு வேலை.

கடைசியாக, வெற்றியை நிரந்தரமாக்காதீர்கள். நிஜத்தில் தோற்ற ஸ்லாவியரே 983இல் கிளர்ந்தெழுந்து பிராண்டன்பேர்க்கைத் திரும்பப் பிடித்தார்கள். உங்கள் கதையில் தோற்ற ஹென்றியும் சும்மா இருக்கமாட்டான், கோடையில் படகுகளோடு வருவான். அதற்குள் ஹெவெல்லிகள் யாரிடம் உதவி கேட்பார்கள் என்பதை இப்போதே யோசித்து வையுங்கள்.