கூட வேலை செய்றவரோட பிடிச்ச புக்க வச்சு ஆள எடை போடுறீங்களா? இந்தத் தப்பெல்லாம் பண்ணாதீங்க

லன்ச் டைம்ல மாமாக் கடையில நாலு பேர் உட்கார்ந்தா ராசி, நட்சத்திரம், எம்பிடிஐங்கிற குண டெஸ்ட் எல்லாம் பேசி முடிச்சிட்டு கடைசியா "உனக்குப் புடிச்ச புக் என்ன"ன்னு ஒரு கேள்வி வரும், ஒருத்தர் பதில் சொல்லி வாய மூடறதுக்குள்ள "ஓ, நீ அந்த டைப்பா"ன்னு முத்திரை குத்தியாச்சு. கேஎல் (கோலாலம்பூர்) ஆபிஸ்கள்ல இது ரொம்ப சகஜம் லா. கேக்கறது தப்பே இல்ல, புக்க வச்சு ஆளப் பத்தி கொஞ்சம் தெரிஞ்சிக்கவும் முடியும். ஆனா நம்ம ஆளுங்க புக் பேர மட்டும் கேட்டுட்டு நிறுத்திடுறாங்க, அது அவர் கைக்கு எப்படி வந்துச்சு, அதுல எது புடிச்சுதுன்னு யாருமே கேக்கறதில்ல.

பெரிய தப்பே இதுதான், ஒரே புக்னா ஒரே மாதிரி ஆளுன்னு நினைக்கிறது. பொன்னியின் செல்வன எடுத்துக்குங்க, கல்கி பத்திரிகையில 1950லேர்ந்து 1954 வரைக்கும் தொடரா வந்து அஞ்சு பாகமா நிக்குது, அப்புறம் 2022லயும் 2023லயும் படம் வேற வந்துருச்சு, அதனால தமிழ் ஆளுங்க பாதிப் பேர் கேட்டவுடனே இதத்தான் சொல்வாங்க. உடனே "பழைய காலத்து ஆளு, ராஜா ராணி கனவு"ன்னு முடிவு. ஆனா ஒரே ஃபுளோர்ல பாருங்க: அக்கவுண்ட்ஸ்ல இருக்கிற அக்காவுக்கு நந்தினிதான் உசுரு, எல்லாரும் கெட்டவன்னு சொல்றவ பக்கமும் ஒரு கணக்கு இருக்கும், அதையும் பாக்கணும்ங்கிறது அவங்க நினைப்பு. சேல்ஸ் தம்பிக்கு வந்தியத்தேவன், ஏன்னா அவன் எந்த சிக்கல்ல மாட்டினாலும் வாயாலயே வெளிய வந்துடுவான், தம்பியோட டார்கெட்டும் மாசா மாசம் அப்படித்தான் ஓடுது. சுங்கை பட்டாணி பக்கம் வளர்ந்த இன்னொருத்தருக்கோ கதை மாந்தர் யாருமே முக்கியம் இல்ல, சின்ன வயசுல ஸ்கூல்ல மெர்போக் மியூசியத்துக்கு கூட்டிட்டுப் போய் பூஜாங் பள்ளத்தாக்குல இருக்கிற பழைய கோயில் அடித்தளத்த காட்டியிருக்காங்க. ராஜேந்திர சோழன் கடாரத்து மேல, அதாவது இப்ப இருக்கிற கெடா மேல, படை அனுப்பினது 1025ல, அந்த நாவல் கதை நடக்கிறதுக்கு ரொம்ப பின்னாடி, இருந்தாலும் கெடாக்காரருக்கு சோழர்னு சொன்னாலே அது ஊர்க்கதை. மூணு பேருக்கும் ஒரே லேபிள் ஒட்டினா என்ன பிரயோஜனம்? "அதுல யார புடிக்கும், யார சுத்தமா ஆகாது"ன்னு ஒரு கேள்வி சேர்த்துக் கேளுங்க, பேரவிட இந்தப் பதில்ல நிறைய விஷயம் வரும்.

அடுத்தது, எங்க வச்சுக் கேக்குறோம்ங்கிறத கணக்குல எடுக்காம இருக்கிறது. போர்ட்டிக்சன் டீம் பில்டிங்ல, எச்ஆர் மைக் புடிச்சிக்கிட்டு, பாஸ் முதல் வரிசையில உட்கார்ந்திருக்கும்போது "ஃபேவரிட் புக்?"னு கேட்டா யாராவது "பேய்க்கதை, அதுவும் சின்ன புக்கா இருக்கணும்"னு உண்மையச் சொல்வாங்களா? தன்முன்னேற்றப் புக் பேரு ஒண்ணு ரெடியா வச்சிருப்பாங்க. அதக் கேட்டுட்டு "பெரிய ஆம்பிஷன் உள்ள ஆளு"ன்னு நினைக்காதீங்க. நம்ம ஊர்ல அந்தப் புக்குங்கள்ல பல டைரக்ட் செல்லிங் அப்லைன், அதாவது அதுல நம்மள சேர்த்து விட்டவரு, கையில குடுத்து "படி, வாழ்க்கை மாறும்"னு சொன்னது. வாழ்க்கை மாறுச்சோ இல்லையோ, புக் பேர் மட்டும் மனசுல தங்கிடுச்சு.

மேசையில அடுக்கி வச்சதெல்லாம் படிச்சதுன்னு நம்பறதும் இதே ஜாதிதான். 2009லேர்ந்து நடக்கிற பிக் பேட் வுல்ஃப் புக் சேல்ல டிராலி டிராலியா தள்ளிட்டு வந்தவங்கள கேளுங்க, எத்தனை புக்க பிரிச்சாங்கன்னு. ஜோர்டன் எல்லன்பெர்க்ங்கிற கணித பேராசிரியர் 2014ல விளையாட்டா ஒரு கணக்கு போட்டார், கிண்டில்ல ஜனங்க அதிகமா கோடு போட்ட வரிங்க புக்கோட எந்தப் பக்கத்துல இருக்குன்னு பார்த்து, எவ்வளவு தூரம் படிச்சிருப்பாங்கன்னு தோராயமா. அப்ப எல்லாரும் வாங்கிக்கிட்டு இருந்த தாமஸ் பிக்கெட்டியோட பொருளாதாரப் புக்குக்கு கிடைச்சது 2.4 சதவீதம்! அதுக்காக ஷெல்ஃப பாக்கறது முழுக்க வீண்னும் சொல்ல முடியாது. சாம் காஸ்லிங் குழு 2002ல வெளியிட்ட ஆராய்ச்சியில, முன்ன பின்ன தெரியாதவங்கள ஒருத்தரோட ஆபிஸையோ படுக்கையறையையோ பாக்க வச்சு குணத்தக் கணிக்கச் சொன்னாங்க, புதுசு புதுசா தேடுற மனசு இருக்கா இல்லையாங்கிறத மத்த குணங்கள விட நல்லாவே கணிச்சாங்க. அதனால ஒரு புக்க பாக்காதீங்க, வகைய பாருங்க. சமையல், சரித்திரம், பூச்சி பத்தினது, கவிதைன்னு கலந்து கிடந்தா அந்த ஆள் கிட்ட புது ஐடியா சொல்லிப் பாக்கலாம். ஆனா பொறுமைசாலியா, நம்பலாமா, கடன் வாங்கினா திருப்பித் தருவாரா, இதெல்லாம் ஷெல்ஃப்ல தெரியாது.

சோகமான புக் புடிக்கும்னா சோகமான ஆளு, கொலைக்கதை படிச்சா உள்ளுக்குள்ள ஏதோ இருக்குன்னு சொல்றது சுத்தப் பேத்தல். ஆர். சண்முகம் எழுதின 'சயாம் மரண ரயில்' தனக்குப் புடிச்ச நாவல்னு ஒருத்தர் சொன்னா "ஏன்யா இவ்வளவு டார்க்"னு சிரிச்சிடாதீங்க. 1942, 43ல ஜப்பான்காரன் சயாமுக்கும் பர்மாவுக்கும் நடுவுல 415 கிலோமீட்டர் தண்டவாளம் போட நம்ம தோட்டத்து ஆளுங்கள கூட்டம் கூட்டமா கொண்டு போனான், போனவங்கள்ல நிறைய பேர் திரும்பல. அந்தப் புக் புடிக்கும்னு சொல்றவரோட பெரிய தாத்தாவும் அதுல ஒருத்தரா இருக்கலாம். இப்படிப்பட்ட பதில் வந்தா அடுத்த கேள்விய அவர் பேச ஆரம்பிச்ச பிறகு கேளுங்க, தே தாரிக் ஆறினாலும் பரவால்ல.

மொழிய வச்சு மட்டம் தட்டறது இன்னொண்ணு, எனக்கு இது சுத்தமா புடிக்காது. "தமிழ் புக்கே படிக்கிறதில்லையா"ன்னு ஒரு மாதிரி பாக்கறது. தமிழ்ப்பள்ளிக்குப் போகாம மலாய்ல நடத்துற தேசியப் பள்ளியில படிச்சு வந்தவங்க நல்லா தமிழ் பேசுவாங்க, எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும், அவங்களுக்குப் புடிச்ச நாவல் மலாய்லயோ இங்கிலீஷ்லயோ இருந்தா அதுல என்ன குறை? புக்கே படிக்காதவங்களும் இருக்காங்க, எல்ஆர்டில வரும்போது பாட்காஸ்ட் கேட்டுட்டு உங்கள விட நாலு விஷயம் அதிகமா தெரிஞ்சி வச்சிருப்பாங்க.

"நான் சொன்னது எப்பவுமே கரெக்டா இருக்கு"ன்னு பெருமைப்படறவங்களுக்கு ஒரு தகவல். 1948ல பெர்ட்ராம் ஃபோரர்னு ஒரு உளவியல் ஆசிரியர் 39 மாணவருங்களுக்கு டெஸ்ட் வச்சு, தனித்தனியா எழுதின மாதிரி எல்லாருக்கும் ஒரே குணச்சித்திரத்தக் குடுத்தார், அதுல பெரும்பாலும் கடையில வாங்கின ஜோசியப் புக்லேர்ந்து சுட்டது. அவங்க அஞ்சுக்கு சராசரியா 4.26 மார்க் போட்டாங்க. "வெளிய தைரியமா இருப்பீங்க, உள்ள கொஞ்சம் யோசிப்பீங்க"ன்னு சொன்னா எந்தப் புக் படிச்சவனும் தலையாட்டத்தான் செய்வான்.

கடைசியா, கேட்டதோட விடுங்க. கணிச்சத ஆபிஸ் வாட்சாப் குரூப்ல போடறது, அப்ரைசல்ல அது மனசுல இருந்து மார்க் குறையறது, இதெல்லாம் வேண்டாம். பர்த்டே வருதேன்னு அதே மாதிரி இன்னொரு புக் வாங்கிக் குடுக்கறதும் பெரும்பாலும் சொதப்பும், ஏன்னா புடிச்ச புக்க அவங்க எப்பவோ படிச்சு முடிச்சாச்சு, இப்ப வேற எங்கேயோ இருப்பாங்க. கேஎல்சிசி கினோகுனியா புக் கடைக்கு ஒரு வவுச்சர் வாங்கிக் குடுத்துட்டு, என்ன வாங்கினாங்கன்னு அப்புறம் கேளுங்க.