போருக்கான வாதத்தை எடைபோடுவது எப்படி: 2003 ஈராக்கை முன்வைத்து

போர் வேண்டும் என்று ஓர் அரசு மக்களிடம் பேசும்போது, பல கூற்றுகளை ஒரே மூட்டையாகக் கட்டித்தான் முன்னால் வைக்கும். முதல் வேலை, அந்த மூட்டையை அவிழ்ப்பது. 2003இல் ஈராக் மீது படையெடுக்கும் முன் வாஷிங்டனும் லண்டனும் சொன்னதை அவிழ்த்தால் நான்கு கூற்றுகள் கிடைக்கின்றன: சதாம் உசேன் கொடுங்கோலர், அவரிடம் பேரழிவு ஆயுதங்கள் உள்ளன, அவற்றால் ஆபத்து நெருங்கிவிட்டது, படையெடுப்பைத் தவிர வேறு வழியில்லை. முதலாவதற்கு, 1988இல் ஈராக்கின் ஹலப்ஜா ஊரில் சதாமின் படை வீசிய நச்சு வாயுவால் கொல்லப்பட்ட குர்து மக்களே சான்று. அந்தக் கூற்றுக்கு இருந்த வலுவை மற்ற மூன்றும் இரவல் வாங்கிக்கொண்டன என்பதுதான் கவனிக்க வேண்டியது.

அடுத்து, ஒவ்வொரு கூற்றுக்கும் சாட்சி யார் என்று கேளுங்கள். 2003 பிப்ரவரி 5 அன்று அமெரிக்க வெளியுறவு அமைச்சர் காலின் பவல், ஐ.நா. பாதுகாப்பு அவையில் ஒரு சிறு குப்பியை விரல்களுக்கிடையே பிடித்துத் தூக்கிக் காட்டினார். எவ்வளவு குறைந்த ஆந்த்ராக்ஸ் கிருமியும் ஆபத்தானது என்று விளக்கக் கொண்டுவந்த பொருள் அது. ஈராக்கில் கைப்பற்றியது அல்ல. நடமாடும் உயிரியல் ஆயுதக் கூடங்கள் பற்றி அவர் சொன்னதற்கு முதன்மையான ஆதாரம், ஜெர்மன் உளவுத்துறையிடம் பேசிய, ‘கர்வ்பால்’ என்ற மறைபெயர் கொண்ட ஓர் ஈராக்கியர். அவர் சொன்னது கட்டுக்கதை என்பது பின்னர் வெளியானது.

மாற்றுக் கருத்து எங்கே அடங்கிக் கிடக்கிறது என்றும் தேட வேண்டும். ஈராக் வாங்க முயன்ற அலுமினியக் குழாய்கள் அணு எரிபொருளைச் செறிவூட்டும் மையவிலக்குக் கருவிகளுக்கே என்று வாதிட்ட பவல், இதில் கருத்து வேறுபாடு உண்டு என்பதை அதே உரையில் போகிற போக்கில் ஒப்புக்கொண்டார். மாறுபட்டவர்கள் யார்? அத்தகைய கருவிகளை அறிந்த வல்லுநர்களைக் கொண்ட அமெரிக்க எரிசக்தித் துறையும், பவலின் சொந்த அமைச்சகத்தின் உளவுப் பிரிவும். எத்தனை பேர் ஒப்புக்கொண்டார்கள் என்பதைவிட, விஷயம் தெரிந்தவர்கள் எந்தப் பக்கம் நின்றார்கள் என்பதற்கே நான் கூடுதல் எடை தருவேன்.

போரை எதிர்ப்பவர்களையும் அதே தராசில் நிறுத்துங்கள். ‘எண்ணெய்க்காகத்தான் இந்தப் போர்’ என்பது நோக்கத்தைப் பற்றிய கூற்று. அது மெய்யாகவே இருந்தாலும், ஆயுதம் உண்டா இல்லையா என்ற கேள்விக்கு அது விடையாகாது. எல்லையில் அமெரிக்கப் படை குவியாமல் இருந்திருந்தால், 2002 நவம்பரில் ஐ.நா. ஆய்வாளர்களைச் சதாம் மீண்டும் உள்ளே விட்டிருப்பாரா என்ற சங்கடமான கேள்வியையும் எதிர்ப்பாளர் சந்தித்தாக வேண்டும். நோக்கத்தைக் கிளறாமல் வாதிட்டவர், 2003 மார்ச் 17 அன்று பிரிட்டன் அமைச்சரவையிலிருந்து விலகிய ராபின் குக். ஈராக் படை பலவீனமானது என்பதை நம்பிப் போர்த்திட்டம் வகுத்துவிட்டு, அதே ஈராக் பெரும் அச்சுறுத்தல் என்று சொல்லிப் போரை நியாயப்படுத்த முடியாது என்றார் அவர்.

கடைசியாக, வெற்றிக்கு மறுநாள் என்ன ஆகும் என்பதற்கான கணக்கைக் கேளுங்கள். பல லட்சம் வீரர்கள் தேவைப்படலாம் என்று அமெரிக்கத் தரைப்படைத் தளபதி எரிக் ஷின்செகி 2003 பிப்ரவரி 25 அன்று செனட் குழுவிடம் சொன்னார்; இரண்டே நாளில் பாதுகாப்புத் துணை அமைச்சர் பால் வுல்ஃபோவிட்ஸ் அதைத் தள்ளுபடி செய்தார். ஷின்செகி போஸ்னியாவில் அமைதிப்படையை வழிநடத்தியவர். வுல்ஃபோவிட்ஸ் சொன்ன காரணமோ, போரை நடத்துவதைவிட அதன்பின் அமைதி காக்க அதிகப் படை தேவைப்படும் என்பதைத் தம்மால் எண்ணிப் பார்க்கவே கடினமாக இருக்கிறது என்பதுதான்.