பண்ணைக்குட்டை மீன்குஞ்சுகளில் பூச்சிமருந்து பாதிப்பு: கண்டுபிடிப்பதும் தடுப்பதும்

குட்டையில் மீன் செத்து மிதந்தால் ஊருக்கே தெரிந்துவிடும். ஒன்றும் மிதக்காமலே குஞ்சு பாதியாகக் குறைவதும், மூன்று மாதம் தீனி போட்டும் விரல் நீளத்தைத் தாண்டாததும் யார் கண்ணிலும் படாது. அணைக்கட்டு வட்டாரத்தில் முள்ளுக்கத்தரி வயலுக்குக் கீழே, ஆற்காடு, ஆரணி பக்கம் நெல் வயலின் வடிகாலை ஒட்டிக் குட்டை வெட்டியிருப்பவர்கள், குஞ்சு விட்ட முதல் இரண்டு மாதம் இதில் கண்ணாக இருக்க வேண்டும்.

எந்த மருந்து என்ன செய்யும்?

புரோபெனோபாஸ், குளோர்பைரிபாஸ் போன்ற பாஸ்பரஸ் மருந்துகள், நரம்புச் சமிக்ஞையை நிறுத்தும் அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் என்ற நொதியை முடக்குகின்றன. அளவு குறைவாக இருந்தால் குஞ்சு சாகாது, மந்தமாகிவிடும். தீனிக்கு மேலே வராது, விராலோ நீர்க்காகமோ வந்தால் விலகி ஓடாது. குஞ்சு 'காணாமல் போவது' பெரும்பாலும் இப்படித்தான். நொதி பழைய நிலைக்குத் திரும்பப் பல வாரம் ஆகும். அதற்குள் பக்கத்து வயலில் அடுத்த மருந்து அடித்துவிடுவார்கள்.

சைபர்மெத்ரின், லாம்டா சைஹாலோத்ரின் வகை இன்னும் மோசம். ஒரு கணக்குப் போடுங்கள்: 10 ஈசி (நூற்றுக்குப் பத்துப் பங்கு நஞ்சுள்ள, நீரில் கலக்கும் திரவம்) சைபர்மெத்ரின் 10 மில்லியில் 1 கிராம் நஞ்சு இருக்கிறது. பத்து லட்சம் லிட்டர் பிடிக்கும் குட்டையில் அது முழுதும் கலந்தால் லிட்டருக்கு 1 மைக்ரோகிராம். மீனைக் கொல்லும் அளவே லிட்டருக்கு ஒரு சில மைக்ரோகிராம்தான். ஆக, ஒரு ஸ்பிரேயர் டேங்குக்கு ஊற்றுகிற மருந்தே குட்டை முழுவதையும் ஆபத்தின் ஓரத்துக்குக் கொண்டுவந்துவிடும். குளிர்ந்த நீரில் இந்த வகையின் கடுமை கூடும் என்பதால் மார்கழி, தை மாதங்களில் கூடுதல் கவனம் தேவை.

டப்பாவின் நிற முக்கோணத்தை நம்பி ஏமாறாதீர்கள். சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை எல்லாமே பாலூட்டிகளுக்கான நச்சுத்தன்மையை வைத்துப் பிரித்தவை. மீனைப் பற்றி அந்த நிறம் எதுவும் சொல்வதில்லை. இமிடாகுளோபிரிட் மீனை நேரடியாக அவ்வளவு தாக்காது, ஆனால் நீரில் உள்ள பூச்சிப் புழுக்களை அழித்துக் குஞ்சின் இயற்கைத் தீனியைக் குறைத்துவிடும்.

தொட்டிச் சோதனை

பக்கத்து வயலில் மருந்து அடித்த பிறகு வரும் முதல் மழைக்கு மறுநாள் செய்து பாருங்கள். 20 லிட்டர் பிடிக்கும் எவர்சில்வர் அண்டா அல்லது கண்ணாடித் தொட்டி நான்கு வேண்டும். பிளாஸ்டிக் வேண்டாம், சைபர்மெத்ரின் வகை அதன் சுவரில் ஒட்டிக்கொண்டு நீரில் குறைந்துவிடும். இரண்டில் சந்தேகப்படும் நீர், அதையும் வடிகட்டாமல். மற்ற இரண்டில் ஓர் இரவு காற்றூட்டிய போர் தண்ணீர். தொட்டிக்கு 2 முதல் 3 கிராம் எடையுள்ள ஐந்து குஞ்சுகள் போதும். மருந்து படாத ஒரே இடத்திலிருந்து அவற்றை எடுத்து, புதிய நீரைச் சிறிது சிறிதாகக் கலந்து பழக்கிய பிறகு விடுங்கள். நான்கிலும் காற்றூட்டி ஓடட்டும்.

காலை, மாலை ஒரே நேரத்தில் மூன்றைக் கவனியுங்கள்: செவுள் மூடி நிமிடத்துக்கு எத்தனை முறை அசைகிறது, தொட்டியைத் தட்டினால் குஞ்சு விருட்டென்று விலகுகிறதா, ஒரு சிட்டிகை தவிடும் கடலைப் புண்ணாக்கும் போட்டால் வாய் வைக்க எவ்வளவு நேரம் பிடிக்கிறது. நான்கு நாள், அதாவது 96 மணி நேரம் பாருங்கள். போர் தண்ணீர்க் குஞ்சும் தடுமாறினால் சோதனை செல்லாது. நம்மூர் போர் தண்ணீரின் உப்பே காரணமாக இருக்கலாம், வேறு நல்ல நீர் எடுத்து மறுபடி செய்யுங்கள்.

ஆக்சிஜன் குறைவோடு குழப்பிக்கொள்வதும் உண்டு. விடியற்காலையில் எல்லா மீனும் மேலே வந்து வாய் பிளந்து, வெயில் ஏறியதும் தெளிந்தால் அது ஆக்சிஜன் பிரச்சினை. அதில் பெரிய மீன்தான் முதலில் தவிக்கும். மருந்துக்கு நேரம் காலம் கிடையாது, முதலில் வாடுவது சிறு குஞ்சு. ஒரு கண்ணாடி டம்ளரில் குட்டை நீரை மொண்டு வெயிலுக்கு எதிரே பிடியுங்கள். வழக்கமாகத் துள்ளும் நீர்ப்பூச்சிகள் அடியோடு இல்லையென்றால் சந்தேகம் வலுக்கும்.

தடுப்பு

மேட்டுப் பக்கம் முக்கால் அடி முதல் ஒரு அடி உயரக் கரை, அதற்கு வெளியே ஒரு வாய்க்கால். மழையின் முதல் ஓட்டம் அதன் வழியாகக் குட்டையைச் சுற்றிப் போகட்டும். மதகை அதன் பிறகு திறக்கலாம். வயலுக்கும் குட்டைக்கும் நடுவில் நேப்பியர் புல்லோ வெட்டிவேரோ மூன்று மீட்டர் அகலத்துக்கு நட்டால் மண்ணோடு ஒட்டிவரும் மருந்து அங்கேயே தங்கும். ஆனால் அந்த நேப்பியரை அறுத்துப் புல்கெண்டைக்குப் போடக் கூடாது. நெல்லில் மருந்து அடித்தால் ஒரு வாரமாவது வயல் நீரை வெளியே விடாமல் இருக்க வயல்காரரிடம் சொல்லி வையுங்கள். ஸ்பிரேயர் கழுவுவதும் குட்டைக் கரையில் கூடாது.

பாதிப்பு உறுதியானால் நீர் உள்ளே வரும் மதகை அடைத்து, கால் பங்கு நீரை வெளியேற்றி, போர் தண்ணீரை உயரத்திலிருந்து பீய்ச்சி நிரப்புங்கள். தீனியை இரண்டு நாள் நிறுத்துங்கள். நஞ்சு முறியும் என்று சுண்ணாம்பு கொட்டாதீர்கள், காரத்தன்மை ஏறினால் அம்மோனியாவின் கடுமையும் ஏறும். மூன்றாம் நாள் வழக்கத்தில் கால் பங்கு தீனி போட்டு, அரை மணி நேரத்தில் தீனித் தட்டு காலியாகிறதா என்று பார்த்துக் கூட்டுங்கள்.