கிரெப் கொண்டு கோப்புகளில் தமிழ்ச் சொல் தேடுவது எப்படி?

கொழும்பு வெள்ளவத்தையில் இருக்கும் சொந்தக்காரர்களுக்குக் கலியாணக் காட்டை நேரில் கொடுக்க வேண்டும். விலாசங்களோ பல கோப்புகளில் கிடக்கின்றன. ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கத் தேவையில்லை, கிரெப் என்ற கட்டளை ஒரே வரியில் தேடித் தரும். பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தொம்சன் எழுதி, 1973இல் யுனிக்ஸ் என்ற இயங்குதளத்தோடு வெளிவந்த கருவி இது. லினக்ஸிலும் மேக்கிலும் ஏற்கெனவே இருக்கும். விண்டோஸ்காரர்கள், விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல்லை நிறுவிக்கொள்ளலாம்.

கிரெப் வரி வரியாகப் பார்க்கும். அதனால் ஒரு வரிக்கு ஒரு விலாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேர்ட் கோப்பை அப்படியே தேட முடியாது, முதலில் சாதாரண டெக்ஸ்ட் கோப்பாகச் சேமியுங்கள்.

சரி, கட்டளைகளைத் தட்டும் ஜன்னலான டெர்மினலைத் திறந்து, கோப்புகள் உள்ள ஃபோல்டருக்குள் போய் இப்படித் தட்டுங்கள்:

கிரெப் "வெள்ளவத்தை" விலாசங்கள்

கட்டளையை மட்டும் ஆங்கிலச் சிறிய எழுத்தில் ஜி, ஆர், ஈ, பி என்று தட்ட வேண்டும். மேற்கோளுக்குள் இருப்பது தேடும் சொல், கடைசியில் கோப்பின் பெயர். அந்தச் சொல் உள்ள வரிகள் மட்டும் திரையில் வரும்.

கட்டளைக்குப் பின் ஓர் இடைவெளி விட்டு, ஹைஃபன் போட்டு, ஆங்கிலச் சிறிய எழுத்தான "என்" சேர்த்தால் வரி எண்ணும் வரும். அதேபோல் "ஆர்" சேர்த்து, கோப்பின் பெயருக்குப் பதிலாக ஒரு புள்ளி வைத்தால் ஃபோல்டர் முழுவதையும் தேடும். முழுச் சொல்லாகப் பொருந்துவதை மட்டும் காட்டும் "டபிள்யூ" நமக்கு மிகவும் உதவும். "கொழும்பு 1" என்று தேடினால் 10 முதல் 15 வரை எல்லாமே வந்து விழும். டபிள்யூ போட்டால் கொழும்பு 1, அதாவது கோட்டை விலாசங்கள் மட்டும் நிற்கும்.

தமிழுக்கென்று கட்டாயம் தெரிந்திருக்க வேண்டியது ஒன்று உண்டு. "கொழும்பு" என்று தேடினால் "கொழும்பில்" அகப்படாது. கணினிக்குள் "பு" என்பது ப என்ற எழுத்தும் அதற்கு அடுத்து வரும் உகரக் குறியும்தான். "பி"யில் அந்தக் குறி மாறிவிடுகிறது. ஆகவே கடைசிக் குறியை விட்டுவிட்டு "கொழும்ப" என்று தேடுங்கள். கொழும்பு, கொழும்பில், கொழும்பை எல்லாம் வரும். "வீட" என்று தட்டினால் வீடும் வரும், வீட்டிலும் வரும். "யாழ்ப்பாண" என்றால் யாழ்ப்பாணமும் யாழ்ப்பாணத்தில் என்பதும் கிடைக்கும். வேற்றுமை உருபுகள் ஒட்டிக்கொண்டே போகும் நம் மொழிக்கு இந்த வழி அவ்வளவு பொருத்தம்.

இவ்வளவு செய்தும் ஒரு வரிகூட வரவில்லையா? கோப்பு பாமினி எழுத்துருவில் தட்டியதா என்று பாருங்கள். இங்கே பழைய கோப்புகள் நிறைய அப்படித்தான் இருக்கின்றன. உள்ளே சேமிக்கப்பட்டிருப்பவை ஆங்கில எழுத்துகள், எழுத்துருதான் அவற்றைத் தமிழாகக் காட்டுகிறது. "அம்மா" அங்கே எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று கிடக்கும். அதைத் தமிழ் எழுத்துகளாகவே சேமிக்கும் யுனிகோட் முறைக்கு ஒரு மாற்றியில் போட்டு மாற்றி, புதுக் கோப்பாகச் சேமித்த பிறகு அதே கட்டளையை ஓட்டுங்கள்.