ஈரானியக் கிராமம் ஒன்றின் இடமும் மக்கள்தொகையும்: எங்கெல்லாம் தவறு நேர்கிறது

‘மேமந்த்’ என்று தேடினால் ஈரானில் குறைந்தது இரண்டு ஊர்கள் கிடைக்கும். ஒன்று ஃபார்ஸ் மாகாணத்தில் ரோஜாப் பன்னீருக்குப் பெயர்போன சிறு நகரம். மற்றொன்று கெர்மான் மாகாணத்தில், ஷஹ்ரே பாபக் பக்கம், பாறையைக் குடைந்து வீடுகள் அமைத்த கிராமம். 2015இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னப் பட்டியலில் இடம்பெற்றது. கிராமத்தின் படத்தைப் போட்டு நகரத்தின் மக்கள்தொகையை எழுதிவிடுவது எளிதில் நேரும் பிழை. படத்திலும் ஏமாறலாம். வடமேற்கில் உள்ள கந்தோவானும் பாறை வீடுகளைக் கொண்டதுதான். ஆனால் அங்கே வீடுகள் கூம்புக் கூம்பாக நிற்கும். மக்கள் பேசுவதோ அஜர்பைஜானித் துருக்கி. ஈரானிய ஊர் என்றதும் ‘பாரசீகம் பேசுவோர்’ என்று எழுதிவிட முடியாது.

அதனால் ஊர்ப்பெயரை மட்டும் நம்பாமல் முழு முகவரியையும் பாருங்கள். ஈரானில் 31 மாகாணங்கள். மாகாணத்துக்குள் ஷஹ்ரெஸ்தான், அதற்குள் பக்ஷ், அதற்குள் தெஹெஸ்தான், அதற்கும் கீழேதான் கிராமம். நம் மாவட்டம், வட்டம், உள்வட்டம் போன்ற அடுக்கு என்று வைத்துக்கொள்ளலாம். இங்கே ஒரு பொறி இருக்கிறது: தெஹெஸ்தானுக்கும் கிராமத்துக்கும் ஒரே பெயர் அமைவதுண்டு, கெர்மான் மேமந்தைப் போல. பல கிராமங்களைச் சேர்த்த தொகையை ஒரே கிராமத்தின் தலையில் கட்டினால் ஊர் திடீரென்று பெருத்துவிடும்.

பழைய நூல்களிலிருந்து எடுக்கும்போது எல்லைகளையும் கவனியுங்கள். ‘கொராசான் மாகாணம்’ 2004இல் மூன்றாகப் பிரிந்துவிட்டது. ஆண்டிலும் குழப்பம் வரும். ஈரானியர் 1385 என்று எழுதுவது சூரிய ஹிஜ்ரி ஆண்டு. அந்த ஆண்டின் கணக்கெடுப்பு நமக்கு 2006. அதைச் சந்திர ஹிஜ்ரியாகக் கொண்டால் 1965க்குப் போய்விடுவீர்கள், நாற்பது ஆண்டுப் பிழை. ஈரானின் முதல் தேசியக் கணக்கெடுப்பு 1956இல் நடந்தது. 2006, 2011, 2016 ஆகிய ஆண்டுகளின் எண்கள் தனித்தனியே கிடைக்கின்றன. ஆண்டைக் குறிப்பிடாமல் ‘மக்கள்தொகை இவ்வளவு’ என்று எழுதினால் அந்த எண்ணை யாரும் சரிபார்க்க முடியாது.

ஆண்டைச் சொன்னாலும் மேமந்தில் வேலை முடிவதில்லை. அங்குள்ளவர்கள் ஆடு மேய்த்தும் பயிர் செய்தும் வாழும் அரை நாடோடிகள். குளிர்காலத்தில் குகை வீடுகளில் தங்குகிறார்கள். அறைக்குள் அடுப்பு, அதன் புகையேறிக் கருத்த சுவர். குளிர் போனதும் மந்தையை ஓட்டிக்கொண்டு மேய்ச்சல் நிலத்துக் குடிசைகளுக்குப் போய்விடுகிறார்கள். கோடையில் தங்குமிடம் வேறு. 2006, 2016 கணக்கெடுப்புகள் நடந்ததோ இலையுதிர் காலத்தில். அந்த எண்ணை வைத்துக்கொண்டு ‘ஊர் காலியாகிறது’ என்று முடிவுகட்டுவதற்கு முன், அது எந்தப் பருவத்து எண் என்று கேட்க வேண்டும். சுற்றுலா எழுத்தாளர்கள் பெரும்பாலும் கேட்பதில்லை. கோடையில் போய் வெறிச்சோடிய குகைகளைப் பார்த்துவிட்டு வருத்தத்தோடு எழுதிவிடுகிறார்கள்.

குடும்பங்களின் எண்ணிக்கையை வீடுகளின் எண்ணிக்கையாக எழுதுவது இன்னொரு வழக்கமான பிழை. பூட்டிக் கிடக்கும் குகை வீடும் வீடுதான், அதில் குடும்பம் இல்லை. மிகச் சில குடும்பங்களே வாழும் சிற்றூர்களில் ஆட்களின் எண்ணிக்கை வெளியிடப்படுவதில்லை. ஊர் இருப்பது மட்டும் பதிவாகும். அந்த வெற்றிடத்தில் பூஜ்ஜியம் போடாதீர்கள்.