டெஸ்டிங்குக்கு முன்பே பிழையைப் பிடிக்கும் கோட் ரிவியூ: ஆரம்பநிலையினருக்கான செய்முறை

ஒருவர் எழுதிய நிரலை (கோடை) அனுப்பியதும் இன்னொருவர் மேலோட்டமாக ஒரு பார்வை பார்த்துவிட்டு 'ஓகே' போடுவதைப் பல குழுக்கள் ரிவியூ என்று நினைக்கின்றன. அதில் எழுத்துப்பிழை சிக்கலாம், தர்க்கப் பிழை சிக்காது. கணினி நிறுவனமான ஐபிஎம்மில் இருந்த மைக்கேல் ஃபேகன் 1976-லேயே இதற்கு ஒரு முறையை எழுதி வைத்தார்: அறிமுகம், ஒவ்வொருவரும் தனியாகப் படித்துத் தயாராவது, கூட்டம், திருத்தம், சரிபார்ப்பு. சின்னக் குழுவுக்கு இது முழுவதும் வேண்டியதில்லை. ஆனால் தனியாக உட்கார்ந்து படிப்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

படி 1: இயந்திர வேலையை இயந்திரத்திடம் விடுங்கள். கம்பைலர் (கோடை இயந்திர மொழிக்கு மாற்றும் நிரல்) தரும் எச்சரிக்கைகள், லின்டர் (சந்தேகத்துக்குரிய வரிகளைச் சுட்டும் கருவி), ஃபார்மேட்டர் (கோடின் வடிவத்தைச் சீராக்கும் கருவி), இருக்கிற டெஸ்ட்கள் எல்லாம் ஓடி முடிந்த பிறகே ரிவியூவுக்கு அனுப்புங்கள்.

படி 2: சிறிதாக அனுப்புங்கள். ஒரு தடவைக்கு 200 வரி, மிஞ்சினால் 400. அதற்கு மேல் போனால் கண் வரிகளின் மேல் ஓடுமே தவிர மனதில் எதுவும் பதியாது. பெயர் மாற்றுவதையும் தர்க்கத்தை மாற்றுவதையும் ஒரே கமிட்டில் (ஒன்றாகச் சேமித்து அனுப்பும் மாற்றத் தொகுப்பில்) கலக்காதீர்கள். இந்த மாற்றம் ஏன் தேவைப்பட்டது என்று இரண்டு வரி எழுதிவிடுங்கள்.

படி 3: கேள்வியோடு படியுங்கள். நேரத்தை அதிகம் செலவிட வேண்டியது இங்கேதான். கோடைத் திறக்கும் முன் தேவையைப் படித்து, என்னென்ன உள்ளீடு வரலாம் என்று தாளில் எழுதுங்கள். மாணவர்களின் சராசரி மதிப்பெண்ணைக் கணக்கிடும் ஃபங்ஷன் என்று வைத்துக்கொள்வோம். மொத்தத்தைக் கூட்டி, எண்ணிக்கையால் வகுக்கிறது. படிக்கும்போது சரியாகத்தான் தெரியும். பட்டியல் காலியாக வந்தால்? பூஜ்யத்தால் வகுக்கப் போகும். ஒருவர் தேர்வே எழுதவில்லை என்றால் அவர் பூஜ்யமா, கணக்கிலேயே இல்லையா? இந்தக் கேள்விகள் கோடில் இருக்காது, உங்கள் தாளில்தான் இருக்கும்.

அப்புறம், இஃப் போன்ற நிபந்தனைகளால் கோடு பிரியும் ஒவ்வொரு கிளையையும் விரல் வைத்து நடந்து பாருங்கள். 2014-ல் ஆப்பிளின் பாதுகாப்பான இணைய இணைப்புக்கான கோடில் வெளிவந்த பிழையில், 'goto fail' (fail என்ற இடத்துக்குத் தாவு) என்ற வரி அடுத்தடுத்து இரண்டு முறை இருந்தது. முதல் வரி இஃப் நிபந்தனைக்குள் இருந்தது. இரண்டாவதும் அதே உள்தள்ளலில் (வரியின் தொடக்கத்தில் விடும் இடைவெளியில்) நின்றதால் நிபந்தனைக்குள் இருப்பது போலவே தெரிந்தது, ஆனால் அடைப்புக்குறி இல்லாததால் எப்போதும் ஓடியது. விளைவு, கையொப்பத்தைச் சரிபார்க்கும் கடைசி வரிக்குக் கட்டுப்பாடு போகவே இல்லை. உள்தள்ளலை நம்பாமல் "இந்த வரிக்கு எப்போது வருவோம்?" என்று கேட்டிருந்தால் பிடிபட்டிருக்கும். எட்டவே முடியாத கோடைச் சுட்டிக்காட்டும் கம்பைலர் எச்சரிக்கையை இயக்கியிருந்தாலும் அதுவே சொல்லியிருக்கும். படி 1-ஐத் தவிர்க்க வேண்டாம் என்பது இதனால்தான்.

படி 4: கருத்தைத் தெளிவாக எழுதுங்கள். "இது சரியில்லை" என்றால் எழுதியவருக்கு எதுவும் புரியாது. "பட்டியல் காலியாக வந்தால் 42-வது வரியில் நிரல் நின்றுவிடும்" என்றால் உடனே புரியும். கட்டாயம் திருத்த வேண்டியதையும் உங்கள் விருப்பத்தையும் பிரித்துக் குறியுங்கள். பேச்சு எப்போதும் கோடைப் பற்றியே இருக்கட்டும். ஆளைத் தொட்டுவிட்டால் அடுத்த முறை அவர் கோடைக் காட்டவே தயங்குவார்.

படி 5: கூட்டம் வைத்தால் கண்டுபிடிப்பதோடு நிறுத்துங்கள். தீர்வை விவாதிக்கத் தொடங்கினால் நேரம் அதிலேயே போய்விடும், மீதிக் கோடை யாரும் பார்க்க மாட்டார்கள். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் நீட்டாதீர்கள்.

படி 6: திருத்தத்தையும் படியுங்கள். அவசரத் திருத்தத்தில் புதுப் பிழை நுழைவது சகஜம். கிடைத்த ஒவ்வொரு பிழைக்கும் ஒரு டெஸ்ட் எழுதச் சொல்லுங்கள். ரிவியூவைத் தாண்டிப் போய் டெஸ்டிங்கில் பிழை அகப்பட்டால், எந்தக் கேள்வி கேட்டிருந்தால் அது சிக்கியிருக்கும் என்று யோசித்து அந்தக் கேள்வியைக் குழுவின் சரிபார்ப்புப் பட்டியலில் சேருங்கள். பல மாதங்களாக எதையும் பிடிக்காத கேள்வியை எடுத்துவிடுங்கள். பட்டியல் ஒரு பக்கத்தைத் தாண்டினால் யாரும் அதைத் திறந்து பார்க்க மாட்டார்கள்.