ராத்திரி நாலு தடவை எழுந்தால் உடனே புரோஸ்டேட்டா?

கோலாலம்பூரில் செந்தூல் பக்கம் ஒரு கிளினிக்கில் இருபது வருஷமாகத் தாதி வேலை. போன வாரம் ஒரு ஐயா, "ராத்திரி நாலு தடவை ஒண்ணுக்கு எழுந்து போறேன் மிஸ்ஸி" என்று சொல்லி முடிப்பதற்குள், புதிதாக வந்த பெண் அட்டையில் 'புரோஸ்டேட்' (ஆண்களுக்குச் சிறுநீர்ப்பையின் கீழே இருக்கும் சுரப்பி) என்று எழுதிவிட்டாள். ஒரு காலத்தில் நானும் அப்படித்தான் எழுதினேன்.

படுக்கும் முன் தே தாரிக் குடிக்காதீர்கள் என்பதை எல்லாரும் சொல்லிவிடுகிறார்கள். அதை விடுங்கள். இவைதான் தவறிப்போகின்றன.

காலுறையைக் கழற்றச் சொல்லாதது

இன்னமும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். கொண்டோ அடுக்குமாடியில் ஜாகா வேலை, அதாவது காவல் வேலை, பார்த்த ஒருவர் வந்தார். நான் பார்த்ததெல்லாம் பாலிஷ் போட்ட அவர் ஷூவைத்தான். என் குறிப்பைப் பார்த்து டாக்டரும் நிபுணருக்கு எழுதிவிட்டார். அந்த வரிசையில் காத்திருந்த மாதங்களில், ஒரு ராத்திரி இருட்டில் கழிவறைக்குப் போனவர் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். வார்டில் காலுறையை இறக்கினால், எலாஸ்டிக் வளையம் போட்டது மாதிரிப் பதிந்திருந்தது. முன்காலில் கட்டைவிரலால் அழுத்தினேன். எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது. இதயம் பலவீனமாகி இருந்தது.

பகலெல்லாம் காலில் தேங்கும் நீர், படுத்ததும் ரத்தத்துக்குத் திரும்புகிறது. சிறுநீரகம் அதை ராத்திரி முழுக்க வெளியேற்றுகிறது. சிறுநீர்ப்பை என்ன செய்யும்? வீக்கத்துக்கு இதயம் மட்டுமே காரணமில்லை. சிறுநீரகக் கோளாறு, கால் நரம்புச் சுருட்டல், ரத்த அழுத்தத்துக்குத் தரும் அம்லோடிபின் மாத்திரையும்கூட இருக்கலாம். அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

அளக்காமல் பேசுவது

அளவு போட்ட ஜக் ஒன்று, மூன்று நாள், ஒரு தாள்: போகும் சிறுநீரை ஒவ்வொரு தடவையும் அளந்து எழுதுங்கள். எழுந்ததும் போகும் முதல் சிறுநீரையும் ராத்திரிக் கணக்கில் சேருங்கள். வயதானவர்களுக்கு அந்த ராத்திரிக் கணக்கு 24 மணி நேர அளவில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால், ராத்திரியில் நீர் அதிகமாக ஊறுகிறது. மொத்தம் அதிகமில்லை, ஆனால் கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை என்றால்தான் சிறுநீர்ப்பை, கிருமித்தொற்று, புரோஸ்டேட் பக்கம் பார்க்க வேண்டும்.

சர்க்கரை பார்க்காமல் தண்ணீரைக் குறைப்பது

தாகத்தோடு நிறையப் போகிறவருக்கு இது ஆபத்து.

நீர் மாத்திரையை ராத்திரி விழுங்குவது

எந்த நேரம் என்று டாக்டரிடம் கேளுங்கள். பெரும்பாலும் காலையில்தான்.

குறட்டையைக் கேட்காதது

நோயாளிக்குத் தெரியாது. பக்கத்தில் படுப்பவரைக் கேளுங்கள். தூக்கத்தில் மூச்சு அடைபட்டாலும் ராத்திரிச் சிறுநீர் கூடும்.

பெண்களிடம் "வயசாச்சு" என்பது

சொல்லாதீர்கள்.

அந்த ஐயாவைத் திரும்ப உட்கார வைத்து ஷூவைக் கழற்றச் சொன்னேன். "நாறும் மிஸ்ஸி" என்று கூச்சப்பட்டார். காலில் வீக்கம் துளியும் இல்லை. சர்க்கரையும் சரி. ஜக்கைக் கொடுத்து அனுப்பியிருக்கிறோம். புரோஸ்டேட்டாகவே இருந்தாலும் இருக்கலாம்.